கடைத்தெருவுக்கும் ஒரு மகமை

ஒரு கடைத்தெரு ஒரே நாளில் நலிந்துவிடுவதில்லை. முதலில் ஒரு கடையின் ஷட்டர் இறங்குகிறது. போட்டி ஒன்று குறைந்தது என்று பக்கத்துக் கடைக்காரர் உள்ளூர மகிழவும் கூடும். ஆனால் மூடிய கடைக்கு வந்துகொண்டிருந்தவர்களில் சிலர், போகிற வழியில் அவர் கடையிலும் ஏதேனும் வாங்கியவர்கள். இனி அவர்களும் வரமாட்டார்கள். சில மாதங்களில் இன்னொரு ஷட்டர் இறங்குகிறது. மாலையில் அந்த இடம் இருண்டு கிடக்கிறது. இருட்டில் பெண்கள் தனியே நடக்கத் தயங்குகிறார்கள். இப்படி ஒன்றைத் தொட்டு ஒன்றாகத் தெருவே படுத்துவிடுகிறது.

மொத்த வியாபாரத்தில் இருக்கும் நமக்கு இந்த நோய் முன்கூட்டியே தெரிந்துவிடும். தெருவைப் போய்ப் பார்க்க வேண்டியதில்லை. பேரேட்டைப் புரட்டினால் போதும். 10 மூட்டை எடுத்தவர் 6 மூட்டை எடுப்பார். 15 நாள் தவணை 30 நாளாகும், பிறகு 45 நாளாகும். ஒரே தெருவைச் சேர்ந்த நாலைந்து கணக்குகள் ஒரே சமயத்தில் இப்படி இழுத்தால், நோய் கடைக்காரருக்கு அல்ல, தெருவுக்கு என்று பொருள். தெரு படுத்தால் நமக்கு வரவேண்டிய பாக்கியும் அதனோடு படுத்துவிடும். ஆகவே இது சில்லறைக் கடைக்காரர்களின் கவலை மட்டுமன்று. நம் எல்லோருடைய முதலும் இதில் மாட்டியிருக்கிறது.

நலிந்த கடைத்தெருவை நிமிர்த்த முடியுமா? முடியும். செய்து காட்டிய தெருக்கள் இருக்கின்றன. கனடாவில் ஒன்று, ஜப்பானில் ஒன்று ஆக இரண்டை எடுத்துக்கொண்டு, அவர்கள் என்ன செய்தார்கள், நாம் என்ன செய்யலாம் என்று ஆராய்வோம்.

கூட்டம் ஏன் இடம் மாறுகிறது?

விற்பனை குறைந்தவுடன் ஆன்லைன் வியாபாரத்தையும் பெரிய மால்களையும் குறை சொல்கிறோம். அவை நம்மைப் பாதிப்பது உண்மையே. ஆனால் பல தெருக்கள் நலிவதற்கு முதற்காரணம், மக்கள் நடக்கும் வழி மாறிப்போவதுதான். சென்னை கொத்தவால்சாவடியின் காய்கனி மொத்த வியாபாரம் 1996இல் கோயம்பேட்டுக்கு மாறியது. 2023 டிசம்பர் இறுதியில் கிளாம்பாக்கம் பேருந்து முனையம் திறக்கப்பட்டு, கோயம்பேட்டிலிருந்து புறப்பட்ட தென் மாவட்டப் பேருந்துகள் அங்கே மாறின. பேருந்து நிலையமோ சந்தையோ இடம் மாறும்போது, அதை நம்பியிருந்த டீக்கடை முதல் துணிக்கடை வரை எல்லாக் கல்லாவும் காலியாகத் தொடங்கும். கடைக்காரர் அதே சரக்கை அதே விலைக்கு, அதே மரியாதையுடன்தான் விற்றுக்கொண்டிருப்பார். வாடிக்கையாளரின் கால் மட்டும் வேறு பக்கம் திரும்பியிருக்கும்.

இதைத் தனியொரு கடைக்காரரால் சரிசெய்ய முடியாது. தம் கடைக்கு ஏ.சி. போடலாம், கண்ணாடி மாட்டலாம், விலையைக் குறைக்கலாம். தெருவுக்கே ஆள் வராதபோது இவற்றால் பயனில்லை. நோய் தெருவுக்கு என்றால் மருந்தும் தெருவுக்குத்தான் கொடுக்க வேண்டும். அந்த மருந்துக்குக் காசு கொடுப்பது யார் என்பதில்தான் எல்லாச் சங்கங்களும் இடறி விழுகின்றன.

டொரான்டோ கடைக்காரர்களின் வழி

கனடா நாட்டு டொரான்டோ நகரின் மேற்குப் பகுதியில் புளூர் என்னும் நீண்ட சாலை இருக்கிறது. அதில் ஒரு பகுதிக்கு இன்று புளூர் வெஸ்ட் வில்லேஜ் என்று பெயர். ஒரு காலத்தில் அச்சாலையில் டிராம் ஓடியது. டிராமில் போகிறவர்கள் கடைகளைப் பார்த்துக்கொண்டே போவார்கள். வேண்டிய இடத்தில் இறங்கி வாங்குவார்கள். 1966இல் அந்தத் தடத்தில் சுரங்க ரயிலின் முதல் பகுதி திறந்தது. 1968இல் அது நீட்டிக்கப்பட்டு இந்தக் கடைத்தெருவையும் தாண்டிச் சென்றது. டிராம் நின்றது. பயணிகள் பூமிக்கு அடியில் போய்விட்டார்கள். இதற்கு முன்பே, 1964இல், அந்நகரில் யார்க்டேல் என்ற மிகப் பெரிய வணிக வளாகம் கார் நிறுத்தும் வசதியோடு திறக்கப்பட்டிருந்தது. ஒருபுறம் ரயில், மறுபுறம் மால். நடுவில் சிக்கிய சிறு கடைகள் தள்ளாடின.

அங்கும் வணிகர் சங்கம் இருந்தது. நம் சங்கங்களைப் போலவே விருப்பமுள்ளவர் சந்தா கொடுப்பார், மற்றவர் கொடுக்கமாட்டார். கொடுத்தவர்கள் பணத்தில் விளக்குப் போட்டால் வெளிச்சம் கொடுக்காதவர் கடை வாசலிலும் விழும். நாளடைவில் கொடுத்தவரும் கையை இழுத்துக்கொள்வார். தெருவில் எல்லோரும் நல்லவர்களாக இருந்தாலும் இது நடக்கும். ஏனெனில் கொடுக்காமலே பயன் கிடைக்கும் ஏற்பாடு அது.

இந்த முடிச்சை அவிழ்க்க அக்கடைக்காரர்கள் ஒரு வழி கண்டார்கள். "எங்கள் தெருவில் கடை வைத்திருக்கும் எல்லோருக்கும் ஒரு சிறு வரி போடுங்கள். அதைச் சொத்து வரியோடு சேர்த்து வசூலியுங்கள். வசூலான பணத்தை எங்களிடமே கொடுங்கள். எங்கள் தெருவுக்கே செலவழிக்கிறோம்" என்று நகராட்சியைக் கேட்டார்கள். வரியைக் குறைக்கச் சொல்லித்தான் வியாபாரிகள் மனுக் கொடுப்பது உலக வழக்கம். தமக்குத் தாமே வரி கேட்ட வியாபாரிகள் இவர்கள்! அதற்கான சட்டம் ஒன்டாரியோ மாநிலத்தில் வந்தது. 1970இல் உலகிலேயே முதலாவதாக அந்தத் தெரு "வணிக மேம்பாட்டுப் பகுதி" ஆனது. முதல் வரவு செலவுத் திட்டம் 47,500 டாலர். மரங்களில் விளக்கு, உட்காரப் பெஞ்சு, பூந்தொட்டி, தெருவின் பெயரைச் சொல்லும் கூட்டு விளம்பரம் என்று தொடங்கினார்கள். பரிசுப்பொருள் கடை வைத்திருந்த அலெக்ஸ் லிங் என்பவர் பல்லாண்டுகள் முன்நின்று அதை நடத்தினார்.

எந்த ரயிலால் தெரு படுத்ததோ, அதே ரயிலின் நிலையங்களிலிருந்து மேலே ஏறி வருகிறவர்களுக்கு அந்தத் தெரு ஒரு நல்ல நடைபாதையாயிற்று. இன்றும் ரொட்டிக்கடையும் பழக்கடையும் இறைச்சிக்கடையுமாக அது நடமாட்டத்தோடு இருக்கிறது. இந்த முறை மெல்லப் பரவியது. டொரான்டோவில் மட்டும் இன்று 80க்கும் மேற்பட்ட தெருக்கள் இவ்வாறு நடக்கின்றன. இங்கிலாந்தில் 2003இல் இதற்கான சட்டம் வந்தது. அங்கே வரி போடுமுன் வணிகர்களிடையே வாக்கெடுப்பு நடக்கும். தலைக்கணக்கிலும் பெரும்பான்மை வேண்டும், சொத்து மதிப்பின் கணக்கிலும் பெரும்பான்மை வேண்டும். பெரிய கடைகள் சிறியவற்றை அமுக்க முடியாது. சிறிய கடைகள் சேர்ந்து பெரியவர் தலையில் சுமையைக் கட்டவும் முடியாது. அதிகபட்சம் 5 ஆண்டுகள். பிறகு மறுபடியும் வாக்கு. பிடிக்கவில்லையென்றால் வரி நின்றுவிடும். பணத்தை நிர்வகிப்பவர்கள் ஒழுங்காக இருப்பதற்கு இதைவிட நல்ல கடிவாளம் வேறில்லை.

இது நமக்குப் புதியதா?

சட்டத்தால் வந்ததுதான் அங்கே புதுமை. விஷயம் நமக்குப் பழையது. அதற்கு நம் பெரியோர் வைத்த பெயர் மகமை. விருதுநகர், சிவகாசி, அருப்புக்கோட்டை, திருமங்கலம் முதலிய ஊர்களில் நாடார் வணிகர்கள் 19ஆம் நூற்றாண்டிலேயே தங்கள் வியாபார வரவில் ஒரு சிறு பங்கைப் பொதுவுக்கு எடுத்துவைத்தார்கள். நகரத்தார் உள்ளிட்ட பிற வணிகர்களிடமும் கோவிலுக்கும் தருமத்துக்கும் மகமை எடுத்துவைக்கும் வழக்கம் இருந்தது. அந்தப் பணத்தில் கிணறு வெட்டினார்கள், பள்ளிக்கூடம் கட்டினார்கள், பேட்டை அமைத்தார்கள்.

பேட்டை என்பது என்ன? வெளியூரிலிருந்து வரும் வண்டியை அவிழ்த்துப்போட இடம், சரக்குக்குக் காவல், மாட்டுக்குத் தண்ணீர், ஆளுக்குத் திண்ணை. இன்றைய சொல்லில் வாகன நிறுத்தம், காவலாளி, குடிநீர், கழிப்பறை, ஓய்விடம். இன்று நம் கடைத்தெருக்களில் எவையெல்லாம் இல்லையென்று வாடிக்கையாளர் சலித்துக்கொள்கிறாரோ, அவையெல்லாம் அன்று மகமைப் பணத்தில் நடந்தன.

அன்று மகமையை மறைக்க முடியாது. சரக்கு கண்ணெதிரே வந்து இறங்கியது. மூட்டை இத்தனை என்றால் மகமை இவ்வளவு. இன்று சரக்கு பல வழிகளில் வருகிறது. கம்பெனி வேன் நேரே கடைக்கு வருகிறது. செல்போன் செயலியில் ஆர்டர் போட்டால் வேறெங்கிருந்தோ வருகிறது. மூட்டையை எண்ணி மகமை போட்டால் பாதி தப்பிவிடும். விற்பனையை வைத்துப் போடலாமென்றால், எந்தக் கடைக்காரரும் தம் விற்பனையைப் பக்கத்துக் கடைக்காரர் முன் சொல்லமாட்டார். ஆகவே கடையின் முகப்பை அளந்து, அடிக்கு இவ்வளவு என்று வைப்பதே இன்றைக்குப் பொருந்தும். முகப்பை யாரும் மறைக்க முடியாது. அளப்பதற்கு ஒரு டேப் போதும்.

கணக்குப் போட்டுப் பார்ப்போம்

ஒரு தெருவில் 120 கடைகள் இருப்பதாக வைத்துக்கொள்வோம். சராசரி முகப்பு 10 அடி என்றால் மொத்தம் 1,200 அடி. அடிக்கு மாதம் 50 ரூபாய் வைத்தால் 60,000 ரூபாய். 10 அடிக் கடைக்கு மாதம் 500 ரூபாய். நாளொன்றுக்கு 17 ரூபாய்கூட ஆகாது.

செலவு: முழுநேரத் தெரு மேலாளர் ஒருவருக்கு 20,000. அதிகாலையில் கூட்டிப் பெருக்க இருவருக்கு 16,000. கழிப்பறைப் பராமரிப்பு 10,000. விளக்கும் பழுதுபார்ப்பும் 8,000. பண்டிகைக்கால விளம்பரத்துக்குச் சேமிப்பு 6,000. கணக்கு நேராகிறது.

இதே தெருவில் பாதிப்பேர் மட்டும் கொடுத்தால் வசூல் 30,000. மேலாளருக்கும் துப்புரவுக்குமே 36,000 வேண்டும். மூன்று மாதத்தில் கழிப்பறை பூட்டப்படும். நான்காம் மாதம் கொடுத்தவர்களும் நிறுத்துவார்கள். எல்லோரும் கொடுத்தால் எல்லாம் நடக்கும். பாதிப்பேர் கொடுத்தால் பாதி நடக்காது, ஒன்றுமே நடக்காது. டொரான்டோவின் பாடம் இந்தக் கணக்கில் அடங்கியிருக்கிறது.

நம் சங்கச் சந்தா விருப்பச் சந்தாதான். எல்லோரையும் கொடுக்கவைப்பது எப்படி? கொடுக்காதவருக்குச் சரக்கு இல்லை என்று மொத்த வியாபாரிகள் கூடித் தீர்மானம் போடலாமே என்று சிலர் கேட்பார்கள். அது முறையுமன்று, 2002ஆம் ஆண்டின் போட்டிச் சட்டப்படி வழக்குக்கும் இடம் தரும். நல்ல வழி வாடகை ஒப்பந்தத்தில் இருக்கிறது. தமிழ்நாட்டின் 2017ஆம் ஆண்டு வாடகைச் சட்டம் 2019இல் நடைமுறைக்கு வந்தபின், கடை வாடகை ஒப்பந்தமும் எழுத்தில் இருக்க வேண்டும். அதில் தெருப் பராமரிப்புத் தொகை என்று ஒரு வரி சேர்த்தால், ஒப்பந்தம் புதுப்பிக்கும்போதெல்லாம் ஒவ்வொரு கடையாக உள்ளே வந்துவிடும். அடுக்குமாடிக் குடியிருப்பில் பராமரிப்புத் தொகை கொடுக்காமல் யாரும் இருப்பதில்லையே! இதற்குக் கட்டட உரிமையாளர்கள் நம்மோடு சேர வேண்டும். அவர்களைச் சேர்ப்பதில்தான் ஜப்பான் தெருவின் பாடம் உதவுகிறது.

நிலக்காரரும் கூட்டாளியே

ஜப்பானில் தகமட்சு என்ற ஊரில் மருகமேமச்சி என்னும் கடைத்தெரு இருக்கிறது. நீளம் 470 மீட்டர். 1988இல் அத்தெரு தன் 400ஆம் ஆண்டைக் கொண்டாடியது. அதே ஆண்டில் அந்தத் தீவைப் பெரிய தீவோடு இணைக்கும் செட்டோ பாலமும் திறக்கப்பட்டது. பாலம் வழியே பெருங்கம்பெனிகள் வந்து ஊருக்கு வெளியே அங்காடி திறக்கும் என்று கடைக்காரர்கள் உணர்ந்தார்கள். நில விலை ஏறியதால் தெருவில் குடியிருந்தவர்களும் வெளியேறிக்கொண்டிருந்தார்கள். 500ஆம் ஆண்டு விழாவுக்குத் தெரு இருக்குமா என்ற கேள்வி எழுந்தது. திட்டம் தீட்டத் தொடங்கினார்கள்.

அவர்கள் கண்ட நோய் இது: நிலம் ஒவ்வொருவருக்கும் துண்டு துண்டாக இருக்கிறது. அவரவர் அதிக வாடகை தருபவருக்கு விடுகிறார். அதனால் ஒரே வகைக் கடைகள் பெருகுகின்றன. காய்கறி, மருந்து, சாப்பாடு போன்ற அன்றாடத் தேவைக்குக் கடை இல்லாமற் போகிறது. ஆகவே நிலத்தின் உரிமையையும் அதன் பயன்பாட்டையும் பிரித்தார்கள். நிலம் உரிமையாளர் பெயரிலேயே இருக்கும். அவர்கள் அதை 60 ஆண்டுக் குத்தகைக்கு ஒரு பொது நிறுவனத்திடம் விட்டார்கள். அந்நிறுவனம் கட்டடம் கட்டி, எந்தக் கடை எங்கே இருக்க வேண்டும் என்று முடிவு செய்கிறது. கடைகளில் வியாபாரம் நன்றாக நடந்தால்தான் நிலக்காரருக்கும் வருமானம் கூடும். கீழே கடைகள், மேலே வீடுகள், இடையில் மருத்துவமனை. மேலே குடியிருப்பவர்கள் கீழே வாடிக்கையாளர்கள். சங்கம் தானே வாகன நிறுத்தங்களும் நடத்துகிறது.

இதில் முதல் பகுதி முடிந்தது 2006இல். அதாவது ஏறத்தாழ 18 ஆண்டுகள்! நில உரிமையாளர்களிடம் பேசி இணங்கவைக்கவே பல ஆண்டுகள் ஆயின. நம்மால் அவ்வளவு பெரிய காரியம் உடனே ஆகாது. ஆனால் அதன் உட்பொருளை எடுத்துக்கொள்ளலாம். 20,000 ரூபாய் வாடகையை 30,000 ஆக்கி, கடை ஓராண்டு பூட்டிக் கிடந்தால் கட்டடக்காரருக்கு நட்டம் 2,40,000 ரூபாய். கூடுதலாக எதிர்பார்த்த 10,000 ரூபாயை வைத்து அந்த நட்டத்தை ஈடுகட்ட 24 மாதங்கள் ஆகும். அதற்குள் பூட்டிய கடையைப் பார்த்துத் தெருவின் மதிப்பே குறைந்துவிடும். இந்தக் கணக்கை ஒரு தாளில் எழுதி, மரியாதையோடு அவரிடம் கொடுத்துப் பேசினால் கேட்பார். சங்கச் செயற்குழுவில் கட்டட உரிமையாளர்களுக்கு இரண்டு இடம் ஒதுக்குவது இன்னும் நல்லது.

உடனே செய்யத்தக்கவை

1. எண்ணுங்கள். ஒரு சாதாரண நாளும் ஒரு சனிக்கிழமையும், காலை, மாலை தலா ஒரு மணி நேரம், தெருவின் இரு முனைகளிலும் ஆள் நிறுத்தி, உள்ளே வருகிறவர்களை எண்ணச் சொல்லுங்கள். மாதந்தோறும் எண்ணினால் நாம் செய்வது பலிக்கிறதா என்பது தெரியும். எண்ணாமல் செய்யும் செலவு, எடை போடாமல் விற்ற சரக்கு.

2. நம் வாகனங்களை முதலில் அகற்றுவோம். 120 கடைகளில் முதலாளி ஒருவர், பணியாளர் ஒருவர் என்று வைத்தாலும் 240 டூ வீலர்கள் காலை முதல் இரவு வரை கடை வாசலில் நிற்கும். வாடிக்கையாளர் வண்டியை எங்கே நிறுத்துவார்? சற்றுத் தள்ளி ஓர் இடத்தைப் பிடித்து நம் வண்டிகளை அங்கே விடுவோம். பேட்டையின் வேலை இதுதான்.

3. நடைபாதையில் சரக்கு அடுக்குவதை நாமே நிறுத்துவோம். ஒரு கடைக்காரர் இரண்டடி முன்னே வந்தால் அடுத்தவர் மூன்றடி வருவார். கடைசியில் எந்தக் கடையும் கண்ணுக்குத் தெரியாது.

4. சுமை இறக்க நேரம் குறிப்போம். இதில் மொத்த வியாபாரிகளாகிய நமக்கே பொறுப்பு அதிகம். காலை 9 மணிக்குமுன் அல்லது மதியம் 2 முதல் 4 வரை சரக்கு அனுப்புவது என்று லாரிக்காரர்களுக்கும் சுமைதூக்கும் தொழிலாளர்களுக்கும் சொல்லி முடிவு செய்யலாம். அவர்களைக் கேட்டு முடிவு செய்தால்தான் நிலைக்கும்.

5. தெருவில் இல்லாததைப் பட்டியலிடுவோம். பூட்டிய கடைக்கு யாராவது வரட்டும் என்று இராமல், எந்த வியாபாரம் இங்கே இல்லை என்று வாடிக்கையாளரைக் கேட்டு, அத்தகையவரைத் தேடி அழைத்து வருவோம். பத்து செல்போன் கடைகளுக்கு நடுவே பதினோராவது வருவதைவிட, ஒரு மருந்துக்கடையோ நல்ல சிற்றுண்டிக் கடையோ தெருவுக்குக் கூடுதல் ஆளைக் கொண்டுவரும்.

6. தெருவோர வியாபாரிகளைப் பகைக்க வேண்டாம். 2014ஆம் ஆண்டின் தெரு வியாபாரிகள் சட்டம் அவர்களுக்கு உரிமை தந்திருக்கிறது. நகர விற்பனைக் குழுவில் குறைந்தது 40 விழுக்காடு அவர்கள் பிரதிநிதிகள். பூக்காரரும் பழவண்டிக்காரரும் கூட்டத்தை இழுத்து வருபவர்கள். எங்கே நிற்பது, எவ்வளவு இடம் என்பதைப் பேசி முடிவு செய்தால் இருவருக்கும் நன்மை.

7. கணக்கைத் திறந்து வைப்போம். மகமை நிலைத்ததற்குக் காரணம் நாணயம். மாத வரவு செலவைத் தெருவின் நடுவே ஒரு பலகையில் எழுதிப் போடுங்கள். இருவர் கையெழுத்தின்றிப் பணம் எடுக்கக் கூடாது. ஓராண்டு முடிந்ததும் தொடர்வதா வேண்டாமா என்று வாக்கெடுப்பு நடத்துங்கள்.

அழகுபடுத்துவதை ஏன் முதலில் வைக்கவில்லை என்று கேட்கலாம். வளைவும் வண்ண விளக்கும் ஒரு முறை நன்கொடை திரட்டினால் வந்துவிடும். அவற்றை மறுநாள் துடைப்பதற்கும், அடுத்த மாதம் எரியாத விளக்கை மாற்றுவதற்கும்தான் பணமும் ஆளும் இல்லாமற் போகும். டொரான்டோ கடைக்காரர்கள் விளக்குப் போட்டார்கள் என்பதைவிட, ஆண்டுதோறும் தவறாமல் வரும் ஒரு நிதியை உண்டாக்கிய பிறகு விளக்குப் போட்டார்கள் என்பதே நாம் மனத்தில் கொள்ள வேண்டியது.

நம் கடைத்தெருக்களை நம்பிப் பிழைக்கும் குடும்பங்கள் எத்தனை! கடைக்காரர், எடுபிடிப் பையன், கணக்கு எழுதுபவர், சுமைதூக்குபவர், தையற்காரர், டீக்கடைக்காரர். மால் ஒன்று மூடினால் அதன் முதலாளி வேறு ஊரில் இன்னொன்று திறப்பார். கடைத்தெரு மூடினால் இவர்களுக்குப் போக வேறு இடமில்லை. அப்பா நடத்திய கடையைப் பிள்ளை ஏற்க விரும்புவதும், வேண்டாமென்று ஊரைவிட்டுப் போவதும்கூடத் தெரு எப்படி இருக்கிறது என்பதைப் பொறுத்தே அமைகிறது.

வணிகப் பெருமக்களே, அடுத்த பொதுக்குழுவில் இந்தப் பொருளை நிகழ்ச்சி நிரலில் சேருங்கள். தெரு முழுவதும் உடனே இணங்காவிட்டால், அடுத்தடுத்து இருக்கும் 30 கடைகள் மட்டும் மூன்று மாதம் நடத்திப் பார்க்கட்டும். டேப்பை எடுத்து முகப்பை அளந்து, முதல் மாத மகமையை வைத்து, அந்த 30 கடை வாசலையும் நாள்தோறும் சுத்தமாகவும் வெளிச்சமாகவும் வைத்திருந்தால், 31ஆவது கடைக்காரர் தாமாகவே வந்து "என்னையும் சேர்த்துக்கொள்ளுங்கள்" என்பார்.